உங்களுக்குத் தெரியுமா? திரையில் மிரட்டிய பூதங்கள்

ஃபிராங்கென்ஸ்டைன் என்பது அரக்கனின் பெயரல்ல, அவனை உருவாக்கிய விஞ்ஞானியின் பெயர். இது பலருக்குத் தெரியும். ஆனால் அந்த அரக்கன் மில்டனின் காவியம் படித்தவன், பக்கம் பக்கமாக நியாயம் பேசுபவன் என்பது? 1818-ல் வெளிவந்த மேரி ஷெல்லியின் நாவலில் அவன் அப்படித்தான். தட்டைத் தலையும் கழுத்தில் போல்ட்டுமாக உறுமிக்கொண்டு வருபவன், 1931-ல் ஹாலிவுட் செய்த ஆள்.

கதையைத் தொடங்கியபோது மேரிக்கு வயது 18. இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை 1815-ல் வெடித்ததால், மறு வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழை. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த மேரி உள்ளிட்ட நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். அவருடைய மருத்துவர் போலிடோரி எழுதிய ரத்தக்காட்டேரிக் கதைக்கும் வித்து அங்கே விழுந்ததுதான். அந்த மழைக்கு நன்றி!

1931 படத்தின் தொடக்க டைட்டிலில், அரக்கனாக நடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி. நடித்தவர் போரிஸ் கார்லாஃப். பெயர்தான் ரஷ்யப் பெயர். ஆள் லண்டன்காரர், வில்லியம் ஹென்றி பிராட். குடும்பத்தில் இந்தியக் கலப்பும் உண்டு.

வெயில் பட்டால் டிராகுலா பொசுங்கிவிடுவானா? பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் அவன் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். கடைசியில் அவன் கதையை முடிப்பது சூரியனும் இல்லை, மர முளையும் இல்லை. ஒரு கூர்க்கா குக்ரியும், ஓர் அமெரிக்கரின் வேட்டைக் கத்தியும்! வெயிலில் மறைந்துபோவது 1922-ல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மானிய மௌனப் படத்தின் கைங்கரியம். அது அனுமதி வாங்காமல் எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்க உத்தரவானது. தப்பிப் பிழைத்தவை இன்றும் ஓடுகின்றன. அசலைவிட நகல் சொன்னதைத்தான் உலகம் நம்புகிறது.

1933-ன் கிங்காங், பெரும்பாலான காட்சிகளில் முயல் தோல் போர்த்திய ஒன்றரை அடி பொம்மை.

காட்ஸில்லாவின் கர்ஜனை எந்த மிருகத்தின் குரலும் இல்லை. மிருகங்களின் குரலை வைத்து முயன்று பார்த்தும் சரிவரவில்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பாஸ் வாத்தியத்தின் தளர்த்திய தந்திகளை, பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்க்கச் செய்தார். அந்த ஒலிப்பதிவை மெதுவாக ஓடவிட்டதும் வந்துவிட்டது ராட்சசக் குரல். படம் வந்தது 1954-ல்.

‘ஏலியன்’ (1979) படத்தில் வேற்றுக்கிரக ஜந்துவின் உடைக்குள் இருந்தவர் பொலாஜி படேஜோ. நைஜீரியர், ஏறக்குறைய ஏழடி உயரம். நடிகரே இல்லை, லண்டன் மதுக்கூடம் ஒன்றில் கண்ணில் பட்ட மாணவர்.

காட்ஸில்லாவைப் போலவே 1954-ல் வெளிவந்த இன்னொரு படம் ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’. அதில் வரும் மீன்மனிதன் ஒருவரல்ல, இருவர். கரையில் பென் சாப்மன், தண்ணீருக்குள் ரிக்கோ பிரவுனிங். ஆக்சிஜன் உருளையை முதுகில் மாட்டினால் வேஷம் கலைந்துவிடும் என்பதால் பிரவுனிங் மூச்சை அடக்கியே நீந்தினார். மீன்மனிதனின் உருவத்தை வடிவமைத்தவர் மிலிசென்ட் பாட்ரிக் என்ற பெண் ஓவியர். டைட்டிலில் மூவர் பெயருமே கிடையாது. பாட்ரிக்குக்குச் சேர வேண்டிய பாராட்டு, மேக்கப் துறைத் தலைவரின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.