உங்களுக்குத் தெரியுமா? பள்ளியிலிருந்தே தொடங்கும் தொண்டு

● காந்தியடிகளின் பிறந்த நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்கள் சேர்ந்தனர். இன்று பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்களும் இதில் சேரலாம்.

● இதில் சேருபவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. ஏதேனும் ஒரு கிராமத்தில் தங்கி, தூய்மைப் பணி, மரம் நடுதல், விழிப்புணர்வுப் பிரசாரம் எனப் பல வேலைகளை மாணவர்களே செய்கிறார்கள்.

● இத்திட்டத்தின் சின்னம், ஒடிசாவிலுள்ள கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரம். ‘நான் அல்ல, நீங்கள்’ என்பது இதன் முழக்கம்.

● இன்னும் சிறிய வகுப்பில் படிக்கிறீர்களா? உங்களுக்கு ஜூனியர் ரெட் கிராஸ் இருக்கிறது. உடல்நலம், தொண்டு, நட்பு ஆகிய மூன்றும் அதன் நோக்கங்கள். நட்பு என்பது பிற நாட்டுக் குழந்தைகளோடு கொள்ளும் நட்பையும் சேர்த்ததுதான்.

● ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ 1953-இல் 15 நாடுகளின் 33 பள்ளிகளை இணைத்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. அமைதி, மனித உரிமை, பிற பண்பாடுகளை மதித்தல் ஆகியவற்றைக் கற்பிக்கும் அந்த அமைப்பில் இன்று 10,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளன.

உங்கள் பள்ளியில் இவற்றில் எது இயங்குகிறது? நாளைக்கே ஆசிரியரிடம் கேளுங்கள், பெயரைக் கொடுங்கள்!