ஜூலையில் வரும் குளிர்காலம்

ஐரோப்பாவில் எழுதப்பட்ட சைக்கிள் பந்தயப் பயிற்சிப் புத்தகம் எதைப் புரட்டினாலும் நவம்பரில் ஓய்வு, டிசம்பரில் அடித்தளம், ஜனவரியில் நீண்ட மெதுவான சவாரி என்றுதான் இருக்கும். அங்கே அது பனியும் இருட்டுமாக வீட்டுக்குள் முடங்கும் காலம். மும்பையை ஒட்டிய டோம்பிவிலியில் இருக்கும் ஒருவர் அந்த அட்டவணையை அப்படியே சுவரில் ஒட்டிக்கொண்டால், ஆண்டின் மிக நல்ல மூன்று மாதங்களை வீணடித்துவிடுவார்.

மும்பை வட்டாரத்தில் குளிர்காலம்தான் பந்தயக் காலம். புணேயிலிருந்து கோவாவுக்கு 643 கிலோமீட்டர் போகும் டெக்கான் கிளிஃப்ஹேங்கர் நவம்பரில் நடக்கிறது. 2026 ஜனவரியில் புணே மாவட்டத்துச் சாலைகளில் புணே கிராண்ட் டூர் என்ற சர்வதேசப் பந்தயமே நடந்தது. பழைய மும்பை–புணே பந்தயத்தில் போர் காட் மலைப்பாதையின் உச்சியை முதலில் தொடுபவருக்கு ‘காட்டாச்சா ராஜா’ என்று பட்டம் உண்டு. கோபோலியிலிருந்து லோனாவலா வரை அந்த ஏற்றத்தில் தன் நேரத்தைச் சோதித்துப் பார்க்காத பந்தயக்காரர் இந்தப் பக்கம் குறைவு. அக்டோபர் வெயில் தணிந்ததும் தொடங்கும் இந்த ஓட்டம், டோம்பிவிலி தெருக்களில் குடீ பாட்வா ஊர்வலம் போகும் நாள்வரை தாங்கும். அதற்குப் பிறகு வெயில். வெயிலுக்குப் பிறகு மழை.

ஆக, இவர்களுடைய ‘குளிர்காலம்’ ஆனியில் பிறந்து ஆவணியில் முடிகிறது. கல்யாண்–ஷில் சாலையில் தண்ணீர் தேங்கினால் எது பள்ளம், எது சாலை என்று தெரியாது. மால்ஷேஜ் மலைப்பாதையில் பாறை சரியும். இருபத்தைந்து மில்லிமீட்டர் டயர் போட்ட பந்தய சைக்கிளோடு அங்கே போவதை வீரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். (சென்னைக்காரர்களுக்கு இதே தலைவலி ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. பந்தயக் காலத்தின் நடுவிலேயே வருவதால் அவர்கள் பாடு இன்னும் மோசம்.)

சைக்கிள் ஃபிளாட்டுக்குள் ஏறுகிறது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்மார்ட் டிரெய்னர் என்ற கருவியில் சட்டத்தை மாட்டுகிறார்கள். அதற்கடியில் தடித்த ரப்பர் பாய்; இல்லாவிட்டால் காலை ஐந்தரை மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் சொசைட்டி செயலாளரிடம் போய் நிற்பார். ஹேண்டில்பாரின் மேல் ஒரு பழைய துண்டு. அது முகம் துடைக்க மட்டும் போட்டதல்ல. வியர்வையில் இருக்கும் உப்பு சைக்கிளின் கழுத்துப் பகுதித் திருகுகளை ஒரே மழைக்காலத்தில் துருவேற்றிவிடும்.

வீட்டுக்குள் மிதிப்பவர் உண்மையான பந்தயத்துக்குத் தயாராக முடியுமா என்று கேட்பவர்களுக்கு மேத்யூ ஹேமன் என்ற பெயரே பதில். 2016 பிப்ரவரி இறுதியில் பெல்ஜியத்தில் நடந்த பந்தயம் ஒன்றில் விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டார் அந்த ஆஸ்திரேலியர். வயது 37. கட்டுப் போட்ட கையோடு வீட்டில் டிரெய்னரில் வாரக்கணக்கில் மிதித்தார். ஏப்ரல் 10 அன்று, கரடுமுரடான கல் பாவிய பாதைகளுக்குப் பெயர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தில், ஐந்தாவது வெற்றிக்கு வந்திருந்த டாம் பூனனைக் கடைசி மீட்டர்களில் முந்தி வென்றார்.

ஹேமன் போன்றவர்கள் குருட்டாம்போக்கில் மிதிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் அலகு வாட்.

பெடலை அழுத்தும்போது கிராங்க் எனும் உலோகக் கை, கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய உலோக இழை கூடவே நீள்கிறது. நீண்டால் அதன் மின்தடை கூடும். அந்த மாற்றத்திலிருந்து முறுக்குவிசை தெரிகிறது; அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் அந்த நொடியில் கால்கள் தரும் திறன் வாட்டில் கிடைக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபரர் 1986இல் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தைத் தொடங்கி, இதை அளக்கும் பவர் மீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு, 1982 முதல், ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் விற்ற கம்பியில்லா இதயத்துடிப்புக் கருவிதான் பயிற்சியாளர்களின் பெரிய ஆயுதம். துடிப்பு உடல் படும் பாட்டைச் சொல்லும், வாட் உடல் செய்த வேலையைச் சொல்லும். இரண்டும் ஒன்றில்லை என்பது மழைக்கால மும்பையில் ரொம்பவே முக்கியமான விஷயம். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் ஒரு வரம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்சத் திறனுக்கு எஃப்.டி.பி. என்று பெயர். இருபது நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்து, அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்க உடலியல் அறிஞர் ஆண்ட்ரூ காகன் இதன்மேல் ஒரு மதிப்பெண் முறையைக் கட்டினார்: எஃப்.டி.பி. அளவில் ஒரு மணி நேரம் மிதித்தால் 100 மதிப்பெண். 220 வாட் வரம்புள்ள ஒருவர் 165 வாட்டில் ஒன்றரை மணி நேரம் மிதிக்கிறார் என்று வையுங்கள். விகிதம் 0.75, அதன் வர்க்கம் 0.5625, ஒன்றரையாலும் நூறாலும் பெருக்கினால் 84. வாரத்தில் ஐந்து நாள் இப்படியென்றால் 420, நாள் சராசரி 60.

அடுத்த படி 1970களில் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் எரிக் பானிஸ்டர் போட்ட கணித மாதிரியிலிருந்து வந்தது. ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு தடங்களை விடுகிறது: மெதுவாகக் கரையும் தகுதி, சீக்கிரம் கரையும் களைப்பு. காகன் இதை எளிமையாக்கித் தகுதிக்கு 42 நாள், களைப்புக்கு 7 நாள் என்று சராசரிக் காலம் வைத்தார். 60இல் நிலையாக இருக்கும் நம் பந்தயக்காரர் நான்கு நாள் சைக்கிளையே தொடவில்லை என்றால், தகுதி எண் சுமார் 55க்கு இறங்கும். களைப்பு எண்ணோ 33க்குப் பக்கத்தில் விழுந்துவிடும். பந்தயத்துக்கு முன்பு பயிற்சியைக் குறைப்பதன் சூட்சுமம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கணபதி வரும் நாட்களில் மண்டபங்களும் விருந்தாளிகளுமாகப் பயிற்சி கெட்டுப்போகிறதே என்று புலம்புகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்ப்பது நல்லது. பத்து வாரம் விடாமல் மிதித்தவருக்கு அது அரசு விடுமுறையோடு கிடைத்த ஓய்வு வாரம்.

ஆனால் இந்த அழகான வரைபடத்துக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. அது சைக்கிளை மட்டும்தான் பார்க்கிறது. டோம்பிவிலியிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போனதும், மழையில் வண்டி நின்று இரவு பதினொன்றுக்கு வீடு வந்ததும் அதற்குத் தெரியாது. உடலுக்குத் தெரியும். அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் பரிந்துரைத்த முறை இந்த இடத்தில் கைகொடுக்கிறது. பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, ‘எவ்வளவு கஷ்டமாக இருந்தது?’ என்று தன்னையே கேட்டுப் பத்துக்கு ஒரு எண் போட்டு, நிமிடங்களால் பெருக்கி எழுதிக்கொள்வது. அதே 84 மதிப்பெண் பயிற்சிக்குத் திங்களன்று 4 போட்டவர் வியாழனன்று 7 போடுகிறார் என்றால், கூடுதல் சுமை வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. பல பத்தாயிரம் ரூபாய்க் கருவி காட்டாததை ஒரு நோட்டும் பேனாவும் காட்டிவிடும்.

இனி வெப்பம். மனிதத் தசையின் செயல்திறன் 20 முதல் 25 சதவீதம்தான். பெடலுக்கு 180 வாட் போய்ச் சேர வேண்டுமானால் உடல் 800 வாட் அளவுக்கு எரிக்க வேண்டும். மீதி 600 வாட்டுக்கு மேல் சூடாக வெளியேற வேண்டும். சின்னப் படுக்கையறையில் பழைய 60 வாட் குண்டு பல்புகள் பத்தை எரியவிட்டு நடுவில் உட்கார்ந்த மாதிரி. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும்; அது இந்த ஒரு மணி நேரக் கணக்குக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஆனால் ஜூலையில், துவைத்த துணியே இரண்டு நாள் காயாத ஈரக்காற்றில், வியர்வை எங்கே ஆவியாகிறது? பாயில் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை நீரையும் உப்பையும் கொண்டுபோகுமே தவிர வெப்பத்தைக் கொண்டுபோகாது. சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் முகத்தில் அறையும் காற்றும் அறைக்குள் இல்லை.

அப்போது ரத்தம் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. தசைக்கும் போக வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் போக வேண்டும். வியர்த்து ரத்தத்தின் நீர் வேறு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைய, ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. அதே 180 வாட். பத்தாம் நிமிடத்தில் 140 இருந்த துடிப்பு ஐம்பதாம் நிமிடத்தில் 158 ஆகலாம்.

புத்தகங்கள் இங்கேதான் மும்பைக்காரரைக் கவிழ்க்கின்றன. பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பரப்பிய ஒரு சோதனை உலகம் முழுக்கப் பிரபலம்: நீண்ட சவாரியை இரண்டு பாதியாகப் பிரித்து, வாட்டுக்கும் துடிப்புக்குமான விகிதம் இரண்டாம் பாதியில் எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் அடித்தளம் உறுதி, அடுத்த கட்டத்துக்குப் போகலாம். குளிர்ந்த அறையில் இது நல்ல சோதனை. ஆடி மாத டோம்பிவிலியில் மின்விசிறி இல்லாமல் இதைச் செய்தால், அது காலின் தகுதியை அளக்காது, அறையின் காற்றோட்டத்தைத்தான் அளக்கும். எஃப்.டி.பி. சோதனைக்கும் இதே கதி. இதை அறியாமல் ‘இன்னும் அடித்தளம் போதவில்லை’ என்று செப்டம்பர்வரை மெதுவாகவே மிதித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. துடிப்பை மட்டும் நம்பி, சூட்டில் அது ஏறியதும் ‘பிரமாதமான பயிற்சி’ என்று மகிழ்கிறவர்களும் உண்டு. இருவருமே தவறான அளவுகோலைப் பிடித்திருக்கிறார்கள்.

வெப்பம் முழுக்க எதிரியும் இல்லை. 2010இல் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் சாண்டியாகோ லோரென்சோ குழுவினர், பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களைப் பத்து நாள் 40 டிகிரி வெப்பத்தில் மிதிக்கவைத்தனர். ரத்தத்தில் பிளாஸ்மா கூடியது. உடல் உறிஞ்சும் ஆக்சிஜனின் உச்ச அளவு குளிர்ந்த அறையில் 5 சதவீதமும், சூடான அறையில் 8 சதவீதமும் உயர்ந்தது. குளிரில் கிடைத்த பலனைப் பின்னாளில் வந்த சில ஆய்வுகள் கேள்வி கேட்டிருக்கின்றன. வெப்பத்தில் கிடைக்கும் பலனை யாரும் மறுக்கவில்லை. எனவே விவரமானவர்கள் கடுமையான பயிற்சிகளை விசிறிக் காற்றில் முடித்துவிட்டு, வாரத்தில் ஓரிரு மெதுவான பயிற்சிகளை மட்டும் விசிறியைக் குறைத்துச் செய்கிறார்கள். ஜூன் மாதத்தில் பாலைவனத்தைக் கடந்துபோகும், ஏறத்தாழ 4,900 கிலோமீட்டர் கொண்ட ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ போன்ற பந்தயத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு இது வீட்டிலேயே கிடைக்கும் சொத்து. 2019இல் அதைத் தனியாளாக முடித்த கபீர் ரச்சூரே பக்கத்து நவி மும்பைக்காரர்தான்.

மெதுவான பயிற்சி உண்மையிலேயே மெதுவாக இருக்கிறதா என்பது வேறு கதை. நார்வேயில் பணிபுரியும் ஸ்டீஃபன் சைலர், தலைசிறந்த தாக்குப்பிடிப்பு வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்தபோது, ஐந்தில் நான்கு பங்கு எளிதாகப் பேசிக்கொண்டே செய்யக்கூடியவையாக இருந்ததைக் கண்டார். டிரெய்னரை ஸ்விஃப்ட் செயலியில் இணைத்துத் தினமும் மாலையில் யாரோ ஒரு பிரேசில்காரரோடு திரையில் பந்தயம் விடும் நம்மவர்கள் இதற்கு நேர்மாறு. எல்லா நாளும் பாதிக் கஷ்டம். ஆகஸ்ட் நடுவிலேயே எண்கள் தேங்கிவிடும்.

மழை ஓய்ந்ததும் சாலை கிடைக்கும். ஆனால் அதோடு இன்னொரு அளவீடும் சேர்கிறது. மழைக்காலத்தில் கழுவிவிட்டதுபோல் இருக்கும் காற்று, நவம்பர் தொடங்கியதும் கெடுகிறது. குளிர்ந்த தரையை ஒட்டிய காற்று மேலெழாமல் நிற்க, வாகனப் புகையும் கட்டுமானத் தூசும் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை ஆலைகளின் வெளியேற்றமும் அதற்குள் தேங்குகின்றன. 2020 பிப்ரவரியில் அந்தத் தொழிற்பேட்டையின் சாலை ஒன்று இளஞ்சிவப்பாக மாறியது டோம்பிவிலிக்காரர்களுக்கு நினைவிருக்கும். சும்மா இருப்பவர் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். ஏற்றத்தில் மிதிப்பவர் நூறு லிட்டரைத் தாண்டுகிறார். நுண்துகளுக்கு இந்திய அரசு வைத்த ஒருநாள் வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 15. சாலைக்குக் குளுமையான விடியற்காலையே காற்றுக்குப் பெரும்பாலும் மோசமான நேரம். அன்றைய அளவு வரம்பைத் தாண்டியிருந்தால் கடுமையான பயிற்சியைத் தள்ளிவைப்பதும், முர்பாட் பக்கமோ கர்ஜத் பக்கமோ ஊரைவிட்டுப் போய் மிதிப்பதும் புத்திசாலித்தனம்.

வரும் ஜூனில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன் வாங்குங்கள். அடுத்து எடை பார்க்கும் இயந்திரம்: ஏறும் முன்பும் இறங்கிய பிறகும் நின்று பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வியர்வை, உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் இறங்கினால் நீங்கள் குடித்தது போதவில்லை. மூன்றாவதாக ஒரு நோட்டு. சோதனைகளை எப்போதும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே விசிறி வேகத்தில் செய்து, அறை வெப்பத்தையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். பவர் மீட்டரை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.