கோப்பை வந்துச்சு... கிளப் எங்கே பாஸ்?

வெள்ளகோவிலில் பஸ் ஏறி காங்கேயம், பல்லடம் தாண்டினால் கோவை. அங்கே நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச் 9-ம் தேதி செம ஆட்டம்! மினர்வா பஞ்சாபை 3-1 என்று சாத்தி, ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது சென்னை சிட்டி எஃப்.சி. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு பாயின்ட்தான் கூட! அந்த சீஸனில் பெட்ரோ மான்ஸி அடித்தது மட்டும் 21 கோல். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்பே 26 சதவிகிதப் பங்கு வாங்கியது.

அப்புறம்? 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி டீமே இல்லை!

கோப்பை மட்டும் சோறு போடாது பாஸ். ஸ்ரீநகர், இம்பால், ஐஸ்வால்னு டீமைப் பறக்க வைக்கணும். மாசம் பொறந்தா சம்பளம் தரணும். அத்தனையும் ஒருத்தர் பாக்கெட்டை நம்பினா எத்தனை நாளைக்குத் தாங்கும்?

2002-ல் லண்டனின் விம்பிள்டன் கிளப்பை வேறு ஊருக்கு மாற்ற அனுமதி கிடைத்ததும், ரசிகர்களே சேர்ந்து புது கிளப் ஆரம்பித்தார்கள். அடிமட்ட லீகில் தொடங்கி, ஒன்பதே வருஷத்தில், 2011-ல் இங்கிலீஷ் ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

பங்கு போட்டுத் தொழில் நடத்துறது நம்ம கொங்கு ஏரியாவுக்குப் புதுசா என்ன? அடுத்த கிளப்புக்கு ஒரு பெரிய ஓனரைத் தேடுறதைவிட, ஆயிரம் சின்ன ஓனர்களைத் தேடலாமே!