மார்க்கோஸின் கையும் அகச்சிவப்புப் படமும்

மெக்சிகோ நகரின் வடபுறத்தில், தெபேயாக் குன்றின் அடிவாரத்தில் குவாதலூப்பே மாதா பேராலயம் இருக்கிறது. 1976இல் கட்டப்பட்ட இந்தப் புதிய ஆலயத்தில் குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துணி தொங்குகிறது. கூட்டம் தேங்கிவிடாதபடி கீழே நகரும் தரை போட்டிருக்கிறார்கள். நின்று பார்க்க முடியாது. பார்த்துக்கொண்டே நகர வேண்டியதுதான். 1531 டிசம்பரில் ஹுவான் தியேகோ என்கிற பூர்வகுடிக்கு மாதா காட்சி தந்ததாகவும், அவன் ஆயர் சுமார்ராகாவின் முன்னால் மேலாடையை அவிழ்த்துப் பூக்களைக் கொட்டியபோது துணியில் அவள் உருவம் பதிந்திருந்ததாகவும் நம்பிக்கை. அஸ்டெக்குகளின் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்து அப்போது பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் கற்றாழை நார் மேலாடைதான் இது என்கிறார்கள்.

1979 மே 7 அன்று இந்தத் துணியை அகச்சிவப்புக் கதிரில் போட்டோ எடுத்தவர் பிலிப் செர்னா காலஹன். அமெரிக்க வேளாண்துறையில் பூச்சியியல் விஞ்ஞானி. பூச்சிகள் அகச்சிவப்பை எப்படி உணர்கின்றன என்று ஆராய்ந்தவர். அவருடைய அறிக்கை 1981இல் வெளிவந்தது. அறிக்கை என்ன சொன்னது என்பதைவிட, அது எப்படி வாசிக்கப்பட்டது என்பதில்தான் எனக்கு அக்கறை. ஆனால் முதலாவது தெரியாமல் இரண்டாவதைப் பேச முடியாது.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 700 நானோமீட்டர் அலைநீளத்தோடு முடிந்துவிடுகிறது. அகச்சிவப்புக்கென்று செய்த பில்ம் அதைத் தாண்டி 900 வரை பதிவு செய்யும். இந்தக் கதிர் சில வண்ணங்களுக்குள் ஊடுருவிப் போய், அடியிலிருக்கிற வெள்ளைப் பூச்சில் பட்டுத் திரும்புகிறது. அங்கே கரியால் கோடு போட்டிருந்தால் கரி கதிரை விழுங்கிவிடும். படத்தில் அந்தக் கோடு கறுப்பாகத் தெரியும். ஓவியன் முதலில் என்ன வரைந்தான், எதைத் திருத்தினான், எதைப் பின்னால் சேர்த்தான் என்பதையெல்லாம் வண்ணத்தைச் சுரண்டாமலே தெரிந்துகொள்ள ஓவிய ஆய்வாளர்களுக்குக் கிடைத்த நல்ல கருவி இது.

காலஹனின் முடிவு இரண்டு பாதிகளைக் கொண்டது. பொன் கதிர்கள், நட்சத்திரங்கள், தங்கக் கரை, காலடியில் பிறைநிலா, அதைத் தாங்கும் வானதூதர் ஆகியவை பின்னால் மனிதக் கையால் சேர்க்கப்பட்டவை என்பது ஒரு பாதி. முகம், கைகள், ரோஜா நிற அங்கி, நீல முக்காடு ஆகியவற்றுக்கு அடியில் கோட்டுச் சித்திரமோ பசைப் பூச்சோ தென்படவில்லை, அவை உண்டான விதத்தை விளக்க முடியவில்லை என்பது மறு பாதி.

பக்திப் பிரசுரங்களில் பரவலாக எடுத்தாளப்பட்டது இந்த மறு பாதிதான். ‘விஞ்ஞானியே கைவிரித்துவிட்டார், அப்புறம் என்ன?’ என்கிற தொனி. ஐயவாதிகளுக்கோ முதல் பாதி போதுமாயிருந்தது. 1985இல் ஜோ நிக்கலும் ஜான் பிஷரும் இதே படங்களை வைத்துக்கொண்டு, முழுவதும் ஓவியமே என்று வாதிட்டார்கள். ஒரே பிரதி, இரண்டு வாசிப்புகள். இதில் ஆச்சரியமில்லை. இரண்டு தரப்புமே போட்டோவைப் பிரதியாக அல்லாமல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றின என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சாட்சி என்றால் குறுக்கு விசாரணை வேண்டாமா? அகச்சிவப்பில் தெரியாதது எல்லாம் இல்லாததாகிவிடாது. செம்மண் கட்டியால் வரைந்த கோடு இந்தக் கதிரில் மறைந்துபோகும். பழைய இரும்பு மசியும் மங்கிவிடும். அசுரைட் போன்ற சில நீலங்களையும் பச்சைகளையும் 900 நானோமீட்டரில் நின்றுவிடும் பில்மால் துளைக்க முடியாது. இதற்காகத்தான் 1960களின் இறுதியில் டச்சு விஞ்ஞானி வான் ஆஸ்பெரன் தெ பூர் 2000 நானோமீட்டர் வரை பார்க்கிற கேமராக் குழாயை ஓவிய ஆய்வுக்குக் கொண்டுவந்தார். தவிர, கோட்டுச் சித்திரமே போடாமல் நேரடியாக வண்ணம் தீட்டுகிற ஓவியனும் உண்டு. ஆக, ‘கோடு தெரியவில்லை’ என்பது பில்மின் வாக்குமூலம். ‘கோடு இல்லை’ என்பது வாசகனின் முடிவு. ‘ஆகவே மனிதன் வரையவில்லை’ என்பது நம்பிக்கை. மூன்றும் வேறு வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தமில்லாமல் தாவிவிடுகிறோம்.

இப்படி நிபுணரைக் கூப்பிட்டு வந்து துணிக்கு முன்னால் நிறுத்துவதும் புதிதல்ல. 1666இல் ஓவியர்களை அழைத்துப் பார்க்கச் சொன்னார்கள். 1751இல் பார்த்தவர்களில் ஒருவரான மிகேல் கப்ரேரா, இது மனிதத் திறமைக்கு அப்பாற்பட்டது என்று நிறுவ 1756இல் புத்தகமே போட்டார். கப்ரேரா உட்கார்ந்த நாற்காலியில் இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து கேமராவை உட்கார வைத்தார்கள். நாற்காலி மட்டும் மாறவில்லை. 1982இல் கலைப்பொருள் பாதுகாப்பு நிபுணர் ஹோசே சோல் ரொசாலெஸ் நுண்ணோக்கியால் பார்த்துவிட்டு, துணியில் வெள்ளைப் பூச்சு இருக்கிறது, வண்ணங்கள் அக்காலத்தில் புழங்கியவையே என்றார். அது பொதுவெளிக்கு வந்தது 2002இல்தான். ஹுவான் தியேகோவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததும் அதே வருஷம்தான். ஹுவான் தியேகோ ஒரு குறியீடு என்கிற மாதிரிப் பேசியதற்காகச் சர்ச்சையில் சிக்கிய ஆலயத் தலைவர் ஷூலன்பர்க் 1996இலேயே பதவி விலகியிருந்தார்.

இந்த விசாரணைகளிலெல்லாம் ஓர் ஆள் தொடர்ந்து காணாமல் போகிறான். 1556 செப்டம்பர் 8 அன்று பிரான்சிஸ்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ புஸ்தமாந்தே, பேராயர் மோந்துஃபார் வளர்த்துவந்த இந்த பக்தியைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். மார்க்கோஸ் என்கிற பூர்வகுடி ஓவியன் வரைந்த படம் அற்புதம் செய்கிறது என்று அந்த மக்களிடம் சொல்வது அவர்களைக் குழப்பும் என்பது அவர் கட்சி. பேராயர் உடனே நடத்திய விசாரணையின் பதிவில்தான் இந்தப் பெயர் தங்கியிருக்கிறது. படத்தை மட்டம் தட்டத்தான் புஸ்தமாந்தே அந்தப் பெயரைச் சொன்னார். படத்தை உயர்த்த வந்தவர்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். எதிரெதிராக நின்ற இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: பூர்வகுடி ஓவியன் ஒருவனின் கை பட்டிருந்தால் அது புனிதமாக இருக்க முடியாது.

காலஹனின் அறிக்கையும் இந்தச் சட்டகத்துக்குள்தான் நிற்கிறது. அதில் ‘மனிதக் கை’ என்பது ஒட்டுவேலையின் பெயர். விளக்க முடியாததே அசல். ஆனால் குன்றுக்கு வருகிற ஜனங்கள் அப்படிப் பிரித்துக் கும்பிடுவதில்லை. பிறையும் கதிரும் தூதரும் சேர்ந்ததுதான் அவர்களுக்கு மாதா. பழைய நகல்களில் அவள் தலையில் கிரீடம் இருக்கிறது. இன்றைய துணியில் இல்லை. 1810இல் ஹிடால்கோ விடுதலைப் போருக்குக் கொடியாக ஏந்தியதும் இந்த உருவத்தைத்தான். சேர்த்தும் அழித்தும் சுமந்தும் ஒரு ஜனத்திரளின் கைகள் இதன்மேல் வேலை செய்தபடியே இருந்திருக்கின்றன.

மார்க்கோஸ்தான் வரைந்தான் என்று தீர்ப்புச் சொல்லுகிற அளவுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அவன் வரைந்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நகரம் இடிந்து, கோயில்கள் தரைமட்டமாகி, சனம் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், ஜெயித்தவர்களின் தெய்வத்துக்குத் தன் ஜனங்களின் நிறத்தில் ஒருவன் முகம் எழுதியிருந்தால் அதுவே அற்புதம் இல்லையா? எந்த அலைநீளத்திலும் இந்தக் கேள்வி பில்மில் விழாது. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.