இணைப்புகளின் தொகையும் வழிகளின் தொகையும்: தலைமன்னாரை முன்வைத்து ஒரு நோக்கு

வணிகம் இன்று இணையத்தைச் சார்ந்தே நடைபெறுகிறது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மன்னார்த் தீவின் மேற்கு முனையிலுள்ள தலைமன்னாரிலும் நிலைமை வேறன்று. கரையில் இறங்கும் மீனுக்கும் நண்டுக்கும் கொழும்பில் என்ன விலை என்பதை அறிவதும், வங்கிக் கணக்கிற்குப் பணம் மாற்றுவதும், லொறி புறப்பட்ட செய்தியை அனுப்புவதும் பெரும்பாலும் அதன் வழியாகவே நிகழ்கின்றன. மீனோ காத்திருக்கும் பண்டமன்று. சில மணிநேரம் தொடர்பு அற்றுப்போனால், வாங்குவோர் சொல்லும் விலைக்கே விற்க நேரிடும். அவ்விழப்பு சம்மாட்டியின் கணக்கோடு நின்றுவிடுவதில்லை. கடலுக்குச் சென்றவனின் பங்கிலும் கழிக்கப்படுகிறது. இதற்குப் பரிகாரம் ஒன்றுக்கு மேற்பட்ட இணைய இணைப்புகளை வைத்திருத்தலே எனக் கூறுவர். இக்கூற்று எந்த நிபந்தனைகளின் கீழ் உண்மையாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இவ்வூரின் வரலாற்றை நோக்குவோம். 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. பயணிகள், அஞ்சல், சரக்கு ஆகிய மூன்றும் இரு கரைப் புகையிரதங்களோடு இணைந்த ஒரே தடத்தில் சென்றன. 1964 டிசம்பர்ச் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்தபோது மூன்றும் ஒருங்கே தடைப்பட்டன. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் அதுவும் நின்றது. 1990இல் போரினால் அற்றுப்போன புகையிரதம் 2015 மார்ச்சிலேயே தலைமன்னாருக்கு மீண்டும் வந்தது. சேவைகள் பலவாக இருந்தும் வழி ஒன்றாக இருந்தமையே இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டியது.

சூறாவளி வீசிய அதே 1964ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போல் பரன் என்பவரின் ஆய்வுத்தொகுதி வெளியாயிற்று. ஒரு மையத்தைச் சார்ந்த தொடர்பு வலை அம்மையத்தோடு வீழும் என்பதையும், ஒவ்வொரு கணுவும் தேவையான குறைந்த அளவைப்போல் மூன்று நான்கு மடங்கு இணைப்புகளைப் பெற்றிருப்பின் வலை பெருஞ்சேதத்தையும் தாங்கும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இன்றைய இணையத்தின் அடிப்படைச் சிந்தனைகளுள் இதுவும் ஒன்றாகும்.

இதன் கணக்கு எளியது. ஓர் இணைப்பு ஆண்டின் 1 வீத நேரம் பழுதுறுகிறது எனக் கொள்வோம். அது ஏறத்தாழ 88 மணிநேரமாகும். அத்தகைய இரண்டு இணைப்புகள் ஒன்றையொன்று சாராமல் இயங்கினால், இரண்டும் ஒருசேரப் பழுதுறும் நேரம் 0.01 வீதம், அதாவது ஆண்டில் ஒரு மணிநேரத்திலும் குறைவு. ஆயின் இக்கணக்கின் உயிர் ‘சாராமல்’ என்ற சொல்லிலே உள்ளது. இரண்டும் ஏதோவோரிடத்தில் ஒரே கம்பியில் சேர்ந்து, அக்கம்பி 0.5 வீத நேரம் பழுதுறுமாயின், 44 மணிநேர இழப்பு நிச்சயம். மூன்றாவது, நான்காவது இணைப்புகளை அதே கம்பியின்மீது வாங்கினாலும் அந்த 44 குறையாது.

தலைமன்னாரில் அவ்வாறு சேருமிடங்கள் எவை? முதலாவது நிலவமைப்பு. தரைவழியே வரும் கம்பி, தீவைப் பெருநிலத்தோடு பிணைக்கும் ஒடுங்கிய நீர்ப்பரப்பைக் கடந்தே வரவேண்டும். கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கு அப்பாற் செல்லும் செய்தியும் அதே ஒளியிழையில் ஏறுமாயின், கம்பி இணைப்பும் கம்பியில்லா இணைப்பும் ஒன்றே. இரண்டாவது மின்சாரம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் இருண்டது. மன்னார்த் தீவில் 100 மெகாவாற் கொள்ளளவுடைய தம்பபவனிக் காற்றாலைகள் இருந்தும், தேசிய மின்வலையோடு பிணைந்த அவை தனித்து ஊருக்கு மின் வழங்கவல்லன அல்ல. மூன்றாவது கடல். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்தபோது, தொங்கா நாட்டின் ஒரே பன்னாட்டுக் கடலடிக் கம்பி அறுந்து, ஐந்து வாரங்கள் வரை சீராகவில்லை. இலங்கைக்குக் கம்பிகள் பல உள. எனினும் அவை கரையேறுவது கொழும்பை அண்டிய கரையிலும் மாத்தறையிலுமே.

ஆகவே இணைப்பு வாங்குமுன் கேட்கவேண்டிய வினா வேகத்தையோ விலையையோ பற்றியதன்று. ‘இது எவ்வழியாகச் செல்கிறது?’ என்பதே. ஒளியிழையை முதல் இணைப்பாகக் கொண்டால், இரண்டாவதை வேறொரு கம்பனியின், இயன்றவரை வேறொரு கோபுரத்தின் வழியாகப் பெறுதல் நன்று. 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் போன்ற செய்மதிச் சேவை, தீவின் கம்பியையும் கோபுரத்தையும் சாராத மூன்றாம் வழியாகும்.

இவற்றை இரு வாயில்களையுடைய ஒரு ரவுட்டரில் இணைக்கலாம். ஒன்று வீழ்ந்தால் மற்றது பொறுப்பேற்கும் முறையும், இரண்டும் சுமையைப் பகிரும் முறையும் உள. சிறு வணிகத்துக்கு முன்னையதே போதும். ரவுட்டர் அருகிலுள்ள கருவியை மட்டும் சோதித்தால் ஏமாறும். தெருமுனையில் கம்பி அறுந்திருந்தும் மேசைமேல் விளக்கு எரியும். ஆதலால் தொலைவிலுள்ள இரண்டு மூன்று முகவரிகளைச் சோதிக்குமாறு அதனைப் பணித்தல் வேண்டும். இணைப்பு மாறும்போது இணைய முகவரியும் மாறுவதால், நடந்துகொண்டிருந்த வங்கி அலுவல் இடையில் அறுபடலாம். மீண்டும் பணம் அனுப்புமுன் முன்னையது சென்றதா எனப் பார்த்தல் அவசியம். ரவுட்டருக்கும் ஒளியிழைப் பெட்டிக்கும் மின்கலம் இன்றியமையாதது. மாதம் ஒருமுறை முதற் கம்பியைத் தாமே கழற்றிப் பார்த்தல் வேண்டும். சோதிக்கப்படாத மாற்றுவழியை வழியெனக் கொள்ளலாகாது.

இறுதியாக, இச்செலவை யார் தாங்குவது? பெரும்பாலான நாட்களில் சும்மா கிடக்கும் இணைப்புக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்தச் சிறு வியாபாரியால் இயலாது. இயன்றவர் மட்டுமே பாதுகாப்புப் பெறின், தொடர்பு அற்ற நாளில் விலையறிந்தவர் அறியாதவரிடம் மலிவாக வாங்குவர். தொழில்நுட்பம் பழைய ஏற்றத்தாழ்வை ஆழமாக்கும். இறங்குதுறையில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒரு செய்மதித் தட்டையும் மின்கலத்தையும் பொதுவாக நிறுவினால், ஒருவருக்குப் பாரமானது பலருக்கு எளிதாகும்.

ஆயினும் தீவுக்கு இரண்டாம் கம்பி வழி அமைப்பது எந்தச் சங்கத்தாலும் ஆகாது. அது அரசின் கடமை. தனுஷ்கோடி இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 2006இல் இயங்கத் தொடங்கிய பாரத்–லங்கா கடலடிக் கம்பியோ கல்கிசைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இடப்பட்டது. ஒருகாலத்தில் இரு நாடுகளின் வாயிலாயிருந்த ஊர் இன்று வலையின் கடைக்கோடியாக உள்ளது. அதனை மீண்டும் ஒரு வழியின் நடுவில் வைப்பது பற்றிச் சிந்திக்கவேண்டிய காலம் இது.