இரும்பு கேட் செய்ய கம்ப்யூட்டர் உதவுமா?

அரியலூரில் எங்கள் வீட்டு வாசல் சாலையில் சிமெண்ட் ஆலை லாரிகள் ஓயாமல் ஓடும். அக்கா மகள் நடக்கப் பழகியதும் அப்பாவும் நானும் இரும்பு கேட் செய்தோம். தாழ்ப்பாள் சேரவே இல்லை. மூலைகளைக் கண்ணால் பார்த்தே வெல்டிங் வைத்ததுதான் தவறு.

இரண்டாம் முறை கம்ப்யூட்டரை நாடினோம். நீங்களும் செய்து பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் கால்க் புரோகிராமைத் திறக்கவும். கதவின் அகலம் 1800 மி.மீ., உயரம் 1500 மி.மீ. எனில், ஒரு செல்லில் =(1800*1800+1500*1500)^0.5 என டைப் செய்து என்டர் தட்டவும். விடை 2343. மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரு பக்கமும் இதே அளவு வர வேண்டும். எங்கள் பழைய கதவில் ஒன்று 2355, மற்றது 2331!

அடுத்து எடை. 40 மி.மீ. சதுர பைப், 2 மி.மீ. கனம் என்றால் =(40-2)*4*2*0.00785 என டைப் செய்யவும். மீட்டருக்கு 2.39 கிலோ. சட்டத்துக்கு 6.6 மீட்டர், ஏறக்குறைய 16 கிலோ. கடைக்காரர் எடை போடும்போதும், கீல் வாங்கும்போதும் இது கைகொடுக்கும்.

முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, மீண்டும் அளந்து, பிறகே முழுதாக வெல்டிங் செய்யுங்கள். கண்ணுக்குக் கவசம் மறக்க வேண்டாம். இப்போது எங்கள் கேட் ஒரு விரலால் தள்ளினாலே மூடிக்கொள்கிறது. அக்காவும் நிம்மதியாகச் சமைக்கிறார்.