எக்செல் பட்டியலில் 'டூப்ளிகேட்' நீக்குகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க!

வெள்ளம் வடிந்த பிறகு, ஒரு குடியிருப்போர் சங்கம் நிவாரணப் பணம் அனுப்பப் பட்டியல் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு தெருவுக்கு நாலு பேர் எழுதியதைச் சேர்த்தால் 480 வரிகள். "டூப்ளிகேட்டைத் தூக்கிடுப்பா, ஒரு நிமிஷ வேலைதானே" என்பார் செயலாளர். ஒரு நிமிஷ வேலைதான். ஆனால், அந்த நிமிஷத்தில் உண்மையான பயனாளி ஒருவரும் பட்டியலிலிருந்து காணாமல் போகலாம்.

எக்செல்லில் 'டேட்டா' பகுதியில் உள்ள 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' முதல் பதிவை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடும். எத்தனை போனது என்று சொல்லும். யார் போனார் என்று சொல்லாது. அதனால் முதலில் ஃபைலை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, அழிக்காமல் நிறம் மட்டும் காட்டும் வழிக்குப் போங்கள். நெடுவரிசையைத் தேர்வு செய்து, 'ஹோம்' பகுதியில் 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்', அதில் 'ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்', அதற்குள் 'டூப்ளிகேட் வேல்யூஸ்'. ஒன்றுக்கு மேல் வருவதெல்லாம் சிவப்பாகிவிடும்.

ஆனால் வங்கிக் கணக்கு எண்ணில்தான் பெரிய வில்லங்கம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணைச் சாதாரணமாக டைப் செய்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். கணவனும் மனைவியும் ஒரே நாளில் ஒரே கிளையில் கணக்குத் தொடங்கி, எண்கள் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபட்டால்? இருவரும் ஒருவராகிவிடுவார்கள். தொலைந்த இலக்கம் திரும்பாது. பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். எனவே, டைப் செய்யும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடுங்கள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணும் 'கவுன்ட்இஃப்' ஃபார்முலா, டெக்ஸ்ட்டாக இருந்தாலும் அதை எண்ணாகவே எடுத்துக்கொண்டு முதல் 15 இலக்கத்தை மட்டும் ஒப்பிடும். தேடும் செல்லின் பெயருக்குப் பின்னால் &"*" என்று சேர்த்துவிட்டால், எழுத்து எழுத்தாக ஒப்பிடும். 10 இலக்க மொபைல் எண்ணுக்கோ, 12 இலக்க ஆதாருக்கோ இந்தத் தொல்லை இல்லை.

தப்பித்துக்கொள்ளும் டூப்ளிகேட்டுகளும் உண்டு. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலே எக்செல்லுக்கு அது வேறு ஆள். 'ட்ரிம்' ஃபார்முலா அதைச் சரிசெய்யும். இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்தபோது ஒட்டிக்கொண்டு வரும் சிலவகை இடைவெளிகளுக்கு அது போதாது. 'எஸ்.முருகன்', 'முருகன் எஸ்' இரண்டும் ஒருவரே என்று எந்த ஃபார்முலாவும் சொல்லாது.

மொபைல் எண்ணை வைத்துப் பார்க்கலாமே என்றால், +91 போட்டதும் போடாததும் தனித்தனியாக நிற்கும். கடைசி 10 இலக்கத்தை மட்டும் 'ரைட்' ஃபார்முலாவால் பிரித்து ஒப்பிடலாம், நடுவில் இடைவெளி இல்லாதவரை. ஒரே எண் இரண்டு பெயருக்கு நேராக இருந்தால் உடனே அழித்துவிட வேண்டாம். மாமியாரும் மருமகளும் ஒரே போனைப் பயன்படுத்தும் வீடாக இருக்கலாம். அந்த எண்ணுக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.